பிளவக்கலுக்கு எதுக்குப் போகணும்?

இந்த வருஷப் பிறப்பன்று, ராஜபாளையத்தில் எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்தும் உபதேசியார் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து புது வருஷத் தீர்மானத்தைச் சபை முன்னால் சொல்ல வேண்டுமாம்.

பஞ்சு வியாபாரி ஒருவர், “பொடி போடுறத விட்டுட்டேன்” என்றார். சொல்லி முடித்து உட்கார்ந்ததும் தும்மினார். பிறகு பெண்கள் பக்கம் வந்தது. கோபப்பட மாட்டேன்... எதிர்த்துப் பேச மாட்டேன்... பக்கத்து வீட்டில் மாமியாரைப் பற்றிச் சொல்ல மாட்டேன்...

கவனித்தீர்களா? எல்லாமே ‘மாட்டேன்’!

கல்யாணமான நாளிலிருந்து நானும் அதைத்தான் சொல்லி வந்தேன். என் மாட்டேன்களால் வீட்டுக்காரருக்கு நிம்மதி, மாமியாருக்கு நிம்மதி, நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளிக்கூடத்தின் மானேஜருக்கும் நிம்மதி. எனக்கு?

என் முறை வந்தது. எழுந்தேன்.

“தை முடியறதுக்குள்ள பிளவக்கலுக்குப் போயி, ஓடைத் தண்ணியில காலை நனைப்பேன்.”

சபை சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை. “இது தீர்மானம் இல்லையே டீச்சரம்மா?”

“இல்லங்கய்யா. இது ஆசை. தேதி வச்ச ஆசை.”

நான் பிறந்தது வன்னியம்பட்டி. வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் எதிரே மலை. அதன் அடிவாரக் காட்டில்தான் பிளவக்கல் ஓடை. ஆண்கள் போகிறார்கள், குளிக்கிறார்கள், திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசுகிறார்கள். நான் மட்டும் இங்கேயே நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பாக்டரியில் கிளார்க். நல்ல மனிதர். வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி: “எதுக்கு?”

“பாக்கத்தான்.”

“பாக்கவா? அதான் இங்கனயிருந்தே தெரியுதே!”

பெண்கள் சாவுக்குப் போகலாம், சடங்குக்குப் போகலாம், பிரசவத்துக்குப் போகலாம். சும்மா போகலாமா? அதற்கு எங்கள் ஊரில் வழி இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி மட்டும் ‘எதுக்கு’ என்று கேட்கவில்லை. சீதம்மா. தெலுங்கு பேசும் வீடு. அந்த வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போனாலும் திரை போட்ட வண்டியில்தான் போவார்கள். குட்டைச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “நேனு கூட வஸ்தானு” என்றாள். எனக்குப் புரிந்ததோ இல்லையோ என்று தமிழிலும் சொன்னாள்: “நானும் வாரேன் டீச்சரம்மா. கேட்டா விடமாட்டாக. கேக்காம வாரேன்.”

என் ஆசை என்னோடு போகும் என்று நினைத்திருந்தேனே!

அதற்குள் சேதி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டது. அங்கேதான் என் கணவரின் அக்கா ரூத் மதினி இருக்கிறார். நான் பேசி வைத்திருந்த மாட்டுவண்டிக்காரரை வரக்கூடாது என்று தடுத்தார். அதோடு விட்டாரா? எங்கள் மானேஜர் காதிலும் போட்டார். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, “பிளவக்கல் வேணுமா, பள்ளிக்கூடம் வேணுமா? யோசிச்சுட்டுச் சொல்லுங்க” என்றார்.

யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருகிறேன், திங்கள் முதல் வெள்ளி வரை பாடம் நடத்துகிறேன். சனிக்கிழமை என் கால் எங்கே இருந்தால் இவருக்கு என்ன?

கணவர் சமாதானத்துக்கு வந்தார். “நானும் கூட வாரேன். பேச்சு முடிஞ்சிரும்.”

“வேண்டாங்க. நீங்க வந்தா நீங்க கூட்டிட்டுப் போனதா ஆயிரும்.”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் தை மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் புளியோதரைத் தூக்குவாளியை அவர்தான் பஸ் வரைக்கும் தூக்கி வந்தார் — முகத்தைத் திருப்பிக்கொண்டே. சீதம்மா சொன்னபடியே வீட்டில் கேட்காமல், முக்காட்டோடு வந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் இந்த யுத்த காலத்து பஸ்ஸைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நாங்கள் அதில் போனோமா, அது எங்களோடு வந்ததா... எப்படியோ ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி வத்திராயிருப்பு சேர்ந்தோம். கூமாப்பட்டி வரைக்கும் ஒரு வைக்கோல் வண்டி. அப்புறம் நடை. ஊர் தாண்டியதும் சீதம்மா முக்காட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காட்டு ஓரத்தில் ஒரு பாரஸ்ட் கார்டு மறித்தார்.

“ஆம்பள யாரு வந்திருக்கா?”

“யாரும் வரல.”

“வேர் கீர் புடுங்க வந்தீகளா? வெறகா?”

“இல்ல. ஓடையப் பாக்க.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டுப் போறோம்.”

மனிதர் திகைத்துவிட்டார். விறகுக்குச் சட்டம் உண்டு, மானுக்குச் சட்டம் உண்டு. சும்மா பார்க்க வந்தவர்களுக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. “செத்த நேரந்தான். பொழுது சாயறதுக்குள்ள எறங்கிரணும்” என்று வழியை விட்டார்.

தண்ணீர்! அப்படி ஒரு குளிர்ச்சி. பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு வருகிறது. நான் சொன்னபடி காலை நனைத்தேன். சீதம்மா நேரே போய்ப் புடவையோடு உட்கார்ந்துவிட்டாள்! கழுத்து வரைக்கும் தண்ணீர். “டீச்சரம்மா, எம்புட்டுக் கத்தினாலும் யாருக்கும் கேக்காதுல்ல?” என்றாள். கேட்காது என்றேன். கத்தினாள். நானும் கத்தினேன். என்ன கத்தினோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இருட்டுமுன் வீடு வந்தோம். சும்மா விடுவார்களா? சீதம்மாவின் மாமனார் எங்கள் நடுவில் இருந்த சுவரை உயர்த்திக் கட்டிவிட்டார். இப்போது அவள் தலை தெரிவதில்லை, குரல் வருகிறது. “இன்னும் காதுல அந்தத் தண்ணிச் சத்தந்தான் டீச்சரம்மா!” மானேஜர் வேலையை விட்டு நீக்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து என்னை அரிச்சுவடி வகுப்புக்கு இறக்கினார். தண்டனையாம். ‘ஆ’ என்று நான் வாயைத் திறந்தால் வகுப்பே திறக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

போன ஞாயிறு ரூத் மதினி வந்தார். உட்காரவில்லை.

“ஏட்டி எஸ்தர், குடும்ப மானத்த வாங்கிட்டுப் போனியே, அங்க அப்படி என்னத்தட்டி கண்ட? என்ன இருந்துச்சு அங்க?”

“நாங்க இருந்தோம், மதினி.”

காப்பியைத் தொடாமல் போய்விட்டார். இன்னும் கோபம்தான். இருக்கட்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூராம். பஸ் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.