தண்டவாளத் துண்டு

"லோடு ஏத்திட்டு சாப்பாட்டுக்கு வுடலாமா சார்?" என்று சூப்பர்வைசர் கேட்டார். திருபுவனையில் என் பட்டறை வாசலில் லாரி காத்திருந்தது. அப்போது பக்கத்துக் கம்பெனியில் மதியச் சங்கு ஊதியது.

என் சிறுவயதில், பாகூரில் எங்கள் வயலோர வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அப்பா அதை அடித்தால்தான் அறுவடை ஆட்கள் சாப்பாட்டுக்குக் கரையேறுவார்கள். ஒருநாள் மழைமேகம் திரண்டு வந்தது. மழைக்கு முன் நெற்கட்டுகளைக் கரையேற்றிவிட வேண்டுமென்று, உச்சிவேளை தாண்டியும் அப்பா அடிக்கவில்லை. அறுத்துக்கொண்டிருந்த கன்னியம்மா அரிவாளோடு நேராக வந்து தானே அடித்தார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"இன்னா பாக்கறீங்க? நேரமாயிடுச்சி, ஏறுங்க" என்று அப்பாவே முதலில் கை கழுவினார்.

பாதிக் கட்டுகள் மழையில் நனைந்தன. மறுநாள் உலர்த்துவதற்குக் கன்னியம்மா கூப்பிடாமலே ஆட்களோடு வந்தார்.

"லாரி நிக்கட்டும்" என்று மெஷினை அணைத்தேன். அடுத்த வாரமே பட்டறையில் ஒரு மணி கட்டினேன். அதன் கயிறு எல்லோர் கைக்கும் எட்டும்.