மாமா குளிப்பாட்டிய புகை

அத்தா யாரையும் சுலபத்தில் நம்பமாட்டார். அது அவருடைய தொழில் கற்றுக்கொடுத்த குணம். கடலூர் முதுநகரில், ரயில் பாதையைத் தாண்டி உப்பனாற்றுப் பக்கம் போகும் தெருவில் எங்கள் வீடும் அத்தாவின் உலைக் கொட்டகையும் ஒரே மதிலுக்குள் இருந்தன. ஓட்டை அலுமினியக் குண்டான், நசுங்கிய குக்கர், உடைந்த ஸ்கூட்டர் பாகம் எல்லாவற்றையும் வாங்கி, உருக்கி, பாளமாக வார்த்து அனுப்புவார். பழைய சாமான் கொண்டுவருகிறவர்கள் எடை கூட்டுவதற்காகக் குக்கர் கைப்பிடிக்குள் மண்ணை அடைத்திருப்பார்கள். நசுக்கிய குண்டானுக்குள் கல் இருக்கும். அதனால் எதையும் ஆட்டிப் பார்க்காமல் அத்தா வாங்கியதில்லை. வீட்டில் நாங்கள் சொல்வதையும் அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார். பரீட்சை நன்றாக எழுதினேன் என்று போய்ச் சொன்னால், எந்தக் கேள்வியை விட்டுவிட்டாய் என்று கேட்பார்.

உலை, கழிவு ஆயிலில் எரிந்தது. தகரக் குழாய் வழியே போகும் புகை, ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரி சுருள் சுருளாகக் கறுப்பாக இருக்கும். மத்தியானம் கடல்காற்று கிளம்பிவிட்டால் அது மதிலைத் தாண்டிப் பின்தெருவுக்குப் போய்விடும். எங்களுக்கு அது பழகிவிட்டது. தம்பிக்கு மட்டும் பழகவில்லை. அவனுக்கு அப்போது நான்கு வயது. இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் சத்தம் வரும்.

அம்மாவின் தம்பியான என் மாமா, ஒரு கல்யாண விருந்தில் பத்துப் பேர் முன்னால், "மச்சான், உங்க உலைதான் இவன் நெஞ்சுல எரியுது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பெருநாளைக்கு வந்தால்கூட ஒருவர் தின்பதை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு ஒருநாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். புகையை அண்ணாந்து பார்த்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் ஏற்பாடு செய்யாவிட்டால் கரண்டைத் துண்டித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் மனுப் போட்டது என்பதில் அத்தாவுக்குச் சந்தேகமே இல்லை. பின்வீட்டு டீச்சர்தான். அவர்கள் வீட்டு மொட்டைமாடியில்தான் எங்கள் கரி விழுந்தது. அன்று முதல் நானும் டீச்சரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். அவர்கள் குடையை விரித்தால்கூட எங்களைப் பார்த்து விரிப்பதாகத் தோன்றியது.

அம்மா, அத்தாவைக் கேட்காமலே மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா அண்ணாமலை நகரில் பைப் பட்டறை வைத்திருந்தார். மாணவர் விடுதிச் சமையல்கூடங்களுக்குப் புகைக்கூண்டு செய்துகொடுப்பதுதான் வேலை. உலைப்புகைக்கு இதுவரை செய்ததில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெரிய இரும்பு டிரம்களையும் பைப்புகளையும் ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினார்.

"புகைய அப்படியே வெளிய விடாம ஒரு மழைக்குள்ள நடக்க விடப்போறோம். கரியெல்லாம் தண்ணியோட கீழ எறங்கிடும்" என்றார்.

"புகையக் குளிப்பாட்டப் போறீங்களா மாமா?" என்று கேட்டேன். அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அத்தாவுக்குப் பிடிக்கவில்லை. தான் அழைக்காமல் வந்தவன், கோபத்தில் இருப்பவன், எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறான் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாதது எதுவும் அவருக்குச் சந்தேகம்தான். மாமா வேலை செய்யும்போது பக்கத்திலேயே நிற்பார். மாமா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பியதும், அவர் இறுக்கிவிட்டுப் போன மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மாட்டுவார். மறுநாள் மாமா அதைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஒன்றும் கேட்கமாட்டார், இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்.

எல்லாம் முடிந்ததும் கொட்டகையின் பின்புறம் ஒரு கைப்பிடியைக் காட்டினார். கரண்ட் போனால் மழை நின்றுவிடும், அப்போது இதைக் கீழே இறக்கினால் புகை பழைய தகரக் குழாய் வழியே போய்விடும், கரண்ட் வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும் என்றார். அத்தாவும் ஆட்களும் கேட்டுக்கொண்டார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவும் கேட்டாள்.

முதல்நாள் உலை மூட்டியபோது தெருவே வந்து நின்றது. மோட்டார் உறுமியது, டிரம்முக்குள் மழை பெய்தது, மேலே புகை வெள்ளையாக வந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. டீக்கடைக்காரர் நீண்ட நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெள்ளையா வந்தா நல்ல புகைன்னு ஆயிடுமா? ஏதோ கலக்குறானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரிகள் வந்துபோகும் வரைதான் இந்த வெள்ளை என்று இன்னொருவர் சொன்னார். அத்தாவுக்கு வேறு கவலை. தொட்டியில் இறங்கிய கறுப்புச் சேற்றைப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும், ஆற்றில் கொட்டிவிடக் கூடாது என்று மாமா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று முடிவுசெய்து, அத்தா அந்தச் சேற்றைச் சாக்கில் கட்டி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சாயங்காலம் டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அதற்கு முன் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கையில் ஒரு தொட்டில் துணி இருந்தது.

"நான் சண்டைக்கு வரல" என்று அம்மாவிடம் சொன்னார்கள். "மெஷின் போட்டப்புறம் கரி விழறது நின்னுச்சேன்னுதான் எம் பொண்ண பச்சப்புள்ளையோட இங்க அழைச்சிட்டு வந்தேன். இப்ப மத்தியானத்துல மறுபடி விழுது. பாருங்க."

துணியை விரித்தார்கள். வெள்ளைத் துணியில் மிளகு தூவினாற்போல் கரி.

அத்தா உள்ளேயிருந்து வந்தார். "மோட்டார் ஓடுற சத்தம் தெருவுக்கே கேக்குது டீச்சர். உங்க வீட்டு அடுப்புக் கரியா இருக்கும்."

"எங்க வீட்ல கேஸ் அடுப்பு பாய்."

அம்மா துணியை வாங்கித் துவைத்துத் தருகிறேன் என்று கை நீட்டினாள். டீச்சர் கொடுக்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிரவு சோறு உண்ணும்போது அத்தா ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். டீச்சரே கரியைத் தடவிக் கொண்டுவந்திருக்கலாம். டீக்கடைக்காரர் தூண்டிவிட்டிருக்கலாம். கொட்டகை ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் எதையாவது நிறுத்தி வைக்கலாம். இல்லையென்றால் மெஷினே மோசடி, மாமா பழைய கோபத்தைத் தீர்த்துக்கொண்டார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். மாமாவை வரச்சொல்லிப் போன் போனது.

எனக்கு டீச்சர் மேல்தான் சந்தேகம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அத்தா என்னை மெச்சுவார் என்று ஆசை. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன். தரை சுட்டது. டீச்சர் வீட்டு மாடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. யாரும் வரவில்லை. தெரு முழுக்கத் தூக்கம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ளுஹர் தொழுகை முடித்து வந்த அத்தாவும் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் கண்ணயர்ந்திருந்தார். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மிலிருந்து வந்த வெள்ளைப் புகை மேலே போகத் தெம்பில்லாததுபோல் எங்கள் முற்றத்திலேயே இறங்கிப் பின்னறை ஜன்னலை மூடிக்கொண்டு நின்றது. அந்த அறையில் தம்பி தூங்கினான். நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. என் கண் டீச்சர் வீட்டு மாடியில்தான்.

அப்போதுதான் கீழே அம்மாவைப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். கரண்ட் போகவில்லை. அம்மா பின்வீட்டு மாடியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது கைப்பிடியை விட்டுவிட்டு நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். உள்ளே தம்பி இருமினான். ஒரு இருமல், அதைத் தொடர்ந்து அந்த விசில். அம்மா நிமிர்ந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, கைப்பிடியை ஒரே இழுப்பாகக் கீழே இறக்கினாள்.

பழைய தகரக் குழாயிலிருந்து கறுப்புப் புகை கிளம்பி, காற்றில் சாய்ந்து, டீச்சர் வீட்டு மாடி மேல் போனது. எங்கள் முற்றம் புகை விலகித் துலங்கியது.

அத்தா எழுந்திருக்கும் முன் அம்மா வந்து கைப்பிடியை ஏற்றிவிட்டாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இத்தனை நாள் ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டாயிற்று, அம்மாவைச் சந்தேகப்பட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மாமா வந்தார். மோட்டார், மழை, தொட்டி எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில், அடிக்கடி இறக்கி ஏற்றியதில் பளபளத்திருந்த கைப்பிடியின் கீலைத் தொட்டுப் பார்த்தார். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். அம்மா டீ கொண்டுவந்தாள்.

"கரண்ட் கட் ஜாஸ்தியாக்கா இங்க?"

அம்மா டம்ளரைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். "நான்தான்டா எறக்குறேன்" என்றாள். "நீ வெள்ளையாக்கிட்டே. ஊருக்குத் தெரியுது. எம்புள்ள நெஞ்சுக்குத் தெரியலயே. முன்ன புகை மேல போவும். இப்ப நேரா இங்க வந்து உக்காருது. கண்ணு எரியுது. அவன் முன்னவிட ஜாஸ்தியா இழுக்குறான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா உன்னத்தானே திட்டுவாரு. அவுரு ஒன்னோட பேச ஆரம்பிச்சதே இந்த மெஷினாலதான்."

மாமா முற்றத்தின் நடுவில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரில் நனைந்த புகை சூடு ஆறிவிடுகிறது, ஏறமுடியாமல் கீழே விழுகிறது, உருக்கும்போது கசடு பிரியப் போடுகிற பவுடரின் நெடி வெறும் தண்ணீருக்கு அடங்கவில்லை என்று தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். இதை முன்பே யோசித்திருக்க வேண்டும் என்றார்.

அதற்குள் அத்தா வந்துவிட்டார். மாமாவின் கை கைப்பிடியில் இருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் அம்மா டம்ளரோடு நிற்பதையும் பார்த்தார்.

"யாரு கை வச்சிருக்கா இதுல?"

"யாரும் இல்ல மச்சான்" என்றார் மாமா. "அதிர்வுல தானா எறங்கிடுது. எங்க வேலையிலதான் தப்பு."

பொய். அந்தக் கைப்பிடி எவ்வளவு இறுக்கம் என்று எனக்குத் தெரியும், அம்மா இழுத்ததைப் பார்த்தவள் நான். அத்தாவுக்கும் தெரியும். மாட்டிய அன்றே இழுத்துப் பார்த்தவர் அவர். இப்போது அத்தா அதை ஆட்டிப் பார்ப்பார், மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தா ஆட்டிப் பார்க்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து டீயை வாங்கி மாமாவிடம் கொடுத்தார்.

"சரி மச்சான், என்ன செய்யணுமோ செய்யி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தார்கள். புகையோடு போகும் நீர்த்துளியைப் பிடிக்க உள்ளே வளைந்த தகடுகளை அடுக்கினார்கள். வெள்ளைப் புகை போகும் குழாயை வீட்டு மாடியைவிட உயரமாகத் தூக்கினார்கள். அத்தா ஏணியைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் கண் எரிவது நின்றது. தம்பியின் இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் மத்தியானத்தில் தூங்கினான். டீச்சர் வீட்டு மாடியிலும் கரி விழவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் கடைசி வரை நம்பவில்லை.

அதன் பிறகு அம்மா தினமும் சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. மனுப் போட்டவர்கள் வீட்டுக்கு எதற்குப் போகிறோம் என்று முனகிக்கொண்டே போவேன். டீச்சரும் முதலில் வாசலிலேயே நிற்கவைத்துத்தான் பேசினார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா வேறு எதுவும் பேசமாட்டாள். பிள்ளையைக் கொடுங்கள் என்று வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். சட்டையை விலக்கி, குனிந்து, அதன் நெஞ்சில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். குழந்தை அம்மாவின் முடியைப் பிடித்து இழுக்கும், காலை உதைக்கும். அம்மா அசையமாட்டாள். நெடுநேரம் கழித்து நிமிரும்போது அவள் முகம் லேசாகியிருக்கும். டீச்சரின் மகள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அம்மா குழந்தைக்கு ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.