அத்தை பாதியில் வைத்த புத்தகம்

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஒரே கதைப்புத்தகத்தை மூன்றாவது முறையாக நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். பாதி படித்த பிறகுதான் அது பழைய கதை என்று தெரிந்தது. அம்மா சிரித்துவிட்டு, படித்ததையெல்லாம் எழுதி வை என்று அப்பாவின் எழுதாத டைரி ஒன்றைக் கொடுத்தாள்.

அந்த வாரம்தான் அப்பாவின் தங்கை ஒரு பெட்டியோடு ஸ்ரீரங்கம் வந்து இறங்கினாள். அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது எடமலைப்பட்டி புதூரில். லீவுக்கு வந்திருக்கிறேன் என்றாள். இரண்டு பஸ் தூரத்துக்கு யாராவது லீவு எடுத்து வருவார்களா என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய போன் அடிக்கும். எடுக்காமல் கவிழ்த்து வைப்பாள்.

ஒரு நாள் டைரியைத் திறந்தால், 'நன்றாக இருந்தது' என்று நான் எழுதியதன் கீழே பென்சிலில் ஒரு வரி: 'எது நன்றாக இருந்தது?' அத்தையின் கையெழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுதியதையும் ஒருவர் படிக்கிறார்! உடனே பதில் எழுதினேன். அதற்கு அவள் பதில் எழுதினாள். பிறகு ஒரே புத்தகத்தைக் காலையில் அவளும் மாலையில் நானும் படித்து, டைரியில் சண்டை போட்டோம். அரண்மனையை விட்டுப் போன ராணியை நான் முட்டாள் என்று எழுதினால், அதற்கு முந்தின பக்கத்தை மறுபடி படி என்று அவள் எழுதுவாள். பல் தேய்ப்பதற்கு முன்பே டைரியைத் தேடி ஓடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடமலைப்பட்டி புதூரிலிருந்து மாமா தன் அண்ணனோடு காரில் வந்தார். கோபமெல்லாம் போதும், இன்றைக்கே அனுப்பி வையுங்கள் என்று அந்த அண்ணன் அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கதவோரம் நின்றாள். இவள் போய்விட்டால் என் டைரியில் யார் எழுதுவார்கள்?

"அத்தையால இப்ப வர முடியாதுங்க. புத்தகம் பாதியிலதான் இருக்கு," என்றேன்.

மாமாவின் அண்ணன் சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஆமாங்க, நான் வரலை," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இனிமேயும் வரலைங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் சொல்லிட்டாளே. அவ இங்கயே இருக்கட்டும்ங்க."

கார் தெருமுனை திரும்பியதும் நான் குதித்தேன். ஒரு கதையின் முடிவு தெரிய வேண்டும் என்பதற்காக ஒருத்தி புருஷன் வீட்டுக்கே போகவில்லை! பள்ளி திறந்ததும் யார் யாரிடம் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் அத்தையும் என்னோடு நூலகத்துக்கு வந்தாள், தன் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்க. இனி வீட்டுக்கு இரண்டு மடங்கு புத்தகம் வரும் என்று வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே நடந்தேன். படிவத்தில் முகவரி எழுதும் இடம் வந்ததும் அவள் பேனா நின்றுவிட்டது. கதவு எண் மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, எங்கள் வீட்டு முகவரியை நான் சத்தமாகச் சொன்னேன். அத்தை அதை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.