இந்திராணி அக்கா திருப்பிக் கொடுத்த ஆறு

வடக்கனந்தலிலிருந்து பள்ளிக்கு வரும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர்தான் சொன்னார்: "ஜெராக்ஸ் கடை அக்கா காலையில தவறிட்டாங்களாம் பாப்பா. ஆஸ்பத்திரிலயே." மடியில் விரித்திருந்த இயற்பியல் புத்தகத்தை மூடினேன். அன்று தேர்வு. என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

நம் வாசகர் வட்டத்தில் இந்திராணி அக்காவைத் தெரியாதவர் இல்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, அண்ணன் சேகருடன் ஜெராக்ஸ் கடை நடத்தினார். ஸ்பானியக் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் பஸ் வரும்வரை நான் அங்கேதான் நிற்பேன். ரேஷன் கார்டோடு வந்தவர்கள், சான்றிதழ் நகல் எடுக்க வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், யாராக இருந்தாலும் மெஷின் சூடாகும் நேரத்தில் அவர்களுக்கு ஒரு கவிதையை வாசித்துக் காட்டுவார். எழுதியவர் பெயரைச் சொல்லமாட்டார். "பேரு சொன்னா மரியாதைக்குத் தலையாட்டுவாங்க. சொல்லாட்டி, புடிக்கலன்னா மெஷினப் பாத்துக்கினு நிப்பாங்க" என்பார்.

யாரும் மெஷினைப் பார்க்காத கவிதை ஒன்று உண்டு. இறந்துபோன அம்மாவின் துணிகளைத் துவைக்க ஒரு பெண் ஆற்றுக்கு எடுத்துப்போகிறாள். கரையில் உட்கார்ந்து முகர்ந்து பார்க்கிறாள். நனைக்காமலே வீட்டுக்குத் திரும்புகிறாள். மூலத்தில் அந்த ஆற்றின் பெயர் ஒர்பேலா. அக்கா அதை நம்மூர் ஆறான கோமுகி என்று மாற்றியிருந்தார். ஒருநாள் அதைக் கேட்ட ஓர் அம்மா, எடுத்த நகல்களை வாங்க மறந்து, "அந்தப் பொண்ணு எந்தூருங்க? கச்சிராப்பாளையமா?" என்றார். அன்று முழுவதும் அக்கா சந்தோஷமாக இருந்தார். நானும்தான்.

ஸ்பெயினில் ஒரு மலைக் கிராமத்தில், எழுத்தாளர்கள் தங்கி எழுதும் இல்லம் ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தபோது சேகர் அண்ணன் நம்பவேயில்லை.

"ஒரு மாசம் சோறு போட்டு, ரூமு குடுத்து, எழுதுன்னு வுட்ருவாங்களா? பதிலுக்கு இன்னா கேப்பாங்க?"

"ஒண்ணும் கேக்கமாட்டாங்க. கடைசி நாளு எழுதினத வாசிக்கணும்."

"அதத்தான் இங்க தெனம் வாசிச்சிக்கினு கீற. அதுக்கு ஏரோப்பிளேன் வேறயா?"

மிளகாய்ப்பொடியும் புளியும் பொட்டலம் கட்டி அனுப்பியதும் அவர்தான்.

திரும்பி வந்தவரிடம் எல்லோரும் குளிரையும் சாப்பாட்டையும் பற்றித்தான் கேட்டார்கள். அவர் கவிதை வாசித்ததைப் பற்றி நான் கேட்டேன். கடைசி நாள் வாசிப்புக்கு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்களாம். அந்த ஆற்றுக் கவிதையை எழுதியவர் பிறந்தது பக்கத்தில்தான். பலருக்கு அது மனப்பாடம். அக்கா தமிழில் வாசித்தார். முன்வரிசையில் இருந்த வயதான பெண் ஒருவர், எதற்கோ காத்திருப்பவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: "எங்கள் ஆறு வரவேயில்லையே?"

"எனக்கு வேத்துப் போச்சி" என்றார் அக்கா. "அந்தம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்த தெரியாது. ஆத்துப் பேரு ஒண்ணுதான் புரிஞ்சிருக்கும். அதத்தான் நான் எடுத்துட்டேன்."

மறுநாள் அந்தப் பெண்மணியே அவரை ஆற்றுக்கு அழைத்துப்போனாராம். "இம்மாத்தூண்டு ஆறு. நம்ம வாய்க்கா இத வுட அகலம் ஜாஸ்தி. ஆனா தண்ணியில கைய வெச்சா வெரல் மரத்துப் போவுது. அந்தப் பொண்ணு நனைக்காம திரும்பினதுக்கு இன்னோரு காரணமும் கெடச்சிது" என்று சிரித்தார்.

வந்த வாரமே கோமுகியை அடித்துவிட்டு ஒர்பேலா என்று எழுதினார். நான் சண்டை போட்டேன். "இனிமே யாரும் எந்தூருன்னு கேக்கமாட்டாங்கக்கா."

"கேக்காட்டி போவட்டும். அவங்க ஆத்த எம்மா நாளு நாம வெச்சிக்கிறது?"

அவர் சொன்னது எனக்கு அப்போது சரியாகப் படவில்லை. மற்ற கவிதைகளிலும் தாம் மாற்றியிருந்த மலைகளையும் மரங்களையும் அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். படுக்கையில் விழுந்த பிறகும், ட்ரிப்ஸ் ஏறாத கையால் அந்த வேலை நடந்தது. முடிக்க முடியவில்லை.

போன ஞாயிறு நூலகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அந்தக் கவிதையை வாசிக்க என்னைத்தான் சொன்னீர்கள். தொடங்குமுன் சேகர் அண்ணன் என்னை ஓரமாக அழைத்தார். "கோமுகின்னே படிச்சிடு பாப்பா. எல்லாம் நம்ம ஆளுங்க, நம்ம ஆறுன்னாதான் மனசுல நிக்கும். அவ பேரு நிக்கணுமில்ல?" கண்கள் சிவந்திருந்தன. நாளைக்கு யாரும் தங்கையை மறந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான். ஆனால் கோமுகி என்று வாசித்தால், கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் செய்தது வீணாகிவிடும்.

"அக்கா மாத்திட்டாங்கண்ணா" என்றேன். அவர் போய் உட்கார்ந்தார்.

ஒர்பேலா என்றே வாசித்தேன். எந்த ஊர்ப் பெண் என்று யாரும் கேட்கவில்லை. டீ கொடுக்கும்போது சேகர் அண்ணன் மட்டும் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஆறு எம்மாம் பெருசுன்னு உங்கிட்ட சொன்னாளா? நான் கேக்கவேயில்ல."

இரண்டு கைகளையும் விரித்து அகலத்தைக் காட்டினேன். வாய்க்காலைவிடச் சின்னது என்றேன். தண்ணீர் எப்படிச் சில்லிடும் என்றும், அக்காவை அங்கே யார் அழைத்துப்போனார் என்றும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தே இராத அந்த ஆறுதான் அக்கா எனக்கு விட்டுப்போனது. கேட்பவர்களுக்கு அதை உள்ளபடி சொல்வேன்.