ரசமட்டம் மண் மிதிக்க வைத்த கதை

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சரி, முறைக்காதீர்கள். குறைக்கவில்லை என்பது மட்டும் நிஜம். கொஞ்சம் கூட்டியிருக்கிறேன், உப்பில்லாமல் உங்களுக்கு எது இறங்கும்?

எங்கள் மேஸ்திரியை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்கே மறந்துபோனது. புல்தரை போடுவதற்கு மண்ணைத் தயார் செய்வதுதான் பிழைப்பு. கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி கண்ணாடிக்குள் இருக்கும். இவருக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. டீ கொடுத்தால் குடிக்க மாட்டார். தம்ளரை உற்றுப் பார்த்து, "மேஜை ஒரு நூல் சாஞ்சிருக்கு" என்பார். தன் கல்யாணத்தன்று போட்டோக்காரர் நேராக நிற்கச் சொன்னதற்கு, "நான் நேராத்தான் நிக்கிறேன், மாமனார் வீட்டுத் தரைதான் கோணல்" என்றாராம். அன்று மாமியார் தூக்கிய முகவாயை இன்னும் இறக்கவில்லை.

ஒரு வீட்டில் வேலை. அண்ணனும் தம்பியும் வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு நாலு வருஷமாகப் பேசுவதில்லை. தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் போனது என்பதுதான் தகராறு. அவர்கள் பெண்டாட்டிகள், ஓர்ப்படிகள் இருவரும் மட்டும் நகமும் சதையும். பின்பக்கத்து இடத்தில் பொதுவாக ஒரு புல்தரை கேட்டது அவர்கள்தான்.

மூன்று நாள் கொத்தினோம். பொறுக்கிய கல்லில் ஒரு கோட்டை கட்டியிருக்கலாம். கோரைக்கிழங்கை நோண்டி நோண்டி என் விரலே கிழங்காகிவிட்டது. பலகை இழுத்துச் சமன் செய்தோம். ஆனால் கொத்திய மண் பஞ்சு. அழுத்தாமல் புல் பதித்தால் முதல் மழையிலேயே குழி விழும். அழுத்த ரோலர் கொண்டுவந்தால், பின்பக்கம் போகிற சந்துக்குள் நுழையவில்லை. பாகம் பிரித்தபோது ஆளுக்கொரு சுவர் எழுப்பி, பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிற அகலத்துக்கு ஆக்கிவிட்டார்கள்.

பாய் மாதிரி சுருட்டிய புல் மறுநாள் காலை லாரியில் வருகிறது. ஒரு நாள் கிடந்தால் மஞ்சளாகிவிடும். சாயங்காலத்துக்குள் மண் கெட்டிப்பட்டே ஆக வேண்டும். நானும் ரசமட்டமும் சேர்ந்து நின்றாலும் ஒரு சிமெண்ட் மூட்டைக்கு வரமாட்டோம்.

"வீட்ல எத்தனை பேரும்மா?" என்று மூத்தவளைக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் சேத்து நாலு பேரு. ஏன்?"

"செருப்பக் கழட்டிட்டு எல்லாரும் வாங்க. காலால மிதிச்சிடலாம்."

தோளோடு தோள் உரசி, குதிகாலை ஊன்றி, வாத்து மாதிரி அடிமேல் அடி வைக்க வேண்டும். ரசமட்டம் எடை பார்த்து ஆள் நிறுத்தினார். கனத்துக்குப் பக்கத்தில் கனம் நின்றால்தான் மண் ஒரே மாதிரி இறங்குமாம். அண்ணனும் தம்பியும் ஒட்டி நின்றார்கள்.

"மேஸ்திரி, அந்தாளக் கொஞ்சம் தள்ளி நடக்கச் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

"இதுக்கு மேல தள்ளுனா நான் சுவத்து மேலதான் நடக்கணும்னு சொல்லுங்க மேஸ்திரி" என்றார் தம்பி.

ரசமட்டம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணன் கால்ல அழுத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். தம்பி குதிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து அண்ணன் குதிகாலால் இடிக்க ஆரம்பித்தார். பக்கத்துத் தெருவில் பாத்திரம் உருண்டது. அண்ணன் முழங்கால்வரை மண்ணுக்குள் போய்விட்டார். சரி, முழங்கால் என் கூட்டல், ரெண்டு விரல். ஆனாலும் பலகை வைத்துப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு படி.

மணி நாலு. ரசமட்டத்தின் தலை முதல்முறையாகச் சாய்ந்தது.

"அக்கா, இதுங்கள நம்புனா புல்லு வராது, பள்ளம்தான் வரும்" என்றாள் இளையவள்.

ஆண்கள் இருவரையும் பின்வாசல் படியில் உட்கார்த்திவிட்டு, திரும்பக் கொத்திப் பலகை இழுத்தோம். ஓர்ப்படிகள் கை கோத்துக்கொண்டு நடந்தார்கள். குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம். புருஷன்மார் குறட்டையில் எது பெரிது என்று பேசிக்கொண்டே போனதில், பேச்சு எவ்வளவு சீரோ அடியும் அவ்வளவு சீர். இருட்டுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். எங்கேயும் தேங்கவில்லை.

ரசமட்டத்துக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. "ரெண்டு யானை உழக்குனத ரெண்டு அம்மாவுங்க சரி பண்ணிட்டாங்க."

அண்ணன் எழுந்தார். "டேய், யாரு யானைன்னு இந்தாளக் கேளுடா."

"நீ கேளுண்ணே. நான் சந்த மறிச்சுக்கிறேன்" என்றார் தம்பி.

நாலு வருஷத்துப் பூட்டு திறந்தது. ரசமட்டம் ஓடினார். அந்த ஓட்டத்திலும் புது மண்ணில் கால் வைக்காமல், ஓரமாகவே சுற்றி ஓடினார்.

நாற்றுப்பண்ணைக் கொட்டகையில் நான் இதைச் சொல்லி முடித்தபோது, லாரி டிரைவர் தலையாட்டினார். "பெரியவரு முதல்ல பேசினாரு பாரு, அதான் முறை. பெரியவன்தான் இறங்கி வரணும்."

தொட்டி அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய அண்ணன் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார். "யாரடா சொல்ற?"

"கதையச் சொன்னேன்."

"வண்டிச் சாவியத் தொலைச்சது யாரு? நானா இறங்கி வரணும்?"

"சாவி உன் சட்டைப் பையிலதான இருந்துச்சு."

"எந்தச் சட்டை? இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லு, எந்தச் சட்டை?"