மழைக்கோட்டும் ஈரத்தலையும்

"தலைய காட்டு. குளிச்சிட்டு வந்தியா, குளத்தையே கூட்டிட்டு வந்தியா? போ, ஃபேன் முன்னாடி நில்லு!"

பேக்கிங் கூடத்து வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணின் கூந்தலையும் முறைக்கிறார் வறட்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது தொழிற்சாலை வைத்தது. உள்ளே அட்டையில் அடைப்பது, தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரை. காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் அட்டைக்குள்ளேயே பொங்கித் தொலைக்கும். ஆகவே அந்தக் காற்றை இயந்திரம் வைத்துக் காயப்போடுவது இவர் உத்தியோகம். ஈரத்தை அளக்கும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் சைரன் அலறும். அதைவிடச் சத்தமாக இவர் அலறுவார்.

உள்ளே தண்ணீர் குடிக்கக் கூடாது. தரை துடைக்கக் கூடாது. "அழுறதுன்னா வெளிய போய் அழும்மா, மாத்திரைக்கு ஆகாது." பெண்களுக்கு உதடு வெடித்து மூக்கில் ரத்தம் வந்தால் பரவாயில்லை, மேசையில் சொட்டாதவரை.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மேனேஜர் மட்டும் ஆவி பறக்கும் காபியோடு உள்ளே வருவார். வறட்சி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவார். முள் எகிறும், பழி பேக்கிங் மேசைக்குப் போகும். கேட்டால், "பெரியவங்க விஷயம் நமக்கெதுக்கும்மா" என்பார், கொஞ்சமும் கூசாமல்.

அந்த மேசையில் வறட்சியின் மனைவியும் இருக்கிறாள். "வீட்டுக் கொடியில துணி காயல, மனுஷன் இங்க வந்து ஊரையே காயப்போடுறாரு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுப்பாள்.

நேற்று நல்ல மழை. மேனேஜர் சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு நேரே கூடத்துக்குள் வந்தார். வறட்சி பவ்யமாகக் கதவைப் பிடித்துக்கொண்டார். சைரன் அலறியது.

"எவ ஈரத் தலையோட வந்தது? இன்னைக்கோட வேலை கிடையாது!" என்று மேனேஜர் கத்தினார்.

மேனேஜரின் கண் மேசையைச் சுற்றி வந்து வறட்சியின் மனைவிமேல் நின்றது. அவள் கொண்டை காய்ந்திருக்கவில்லை. சொந்தப் பெண்டாட்டியாயிற்றே என்று காலையில் கண்டும் காணாமல் விட்டவர் சாட்சாத் இவரேதான். அவள் கணவனைப் பார்த்தாள். கணவன், மேனேஜரின் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். 'உங்க கோட்டுதான் சார்' என்று சொன்னால் போதும்.

வறட்சி விறுவிறுவென்று வெளியே போனார். கைகழுவும் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தலையிலிருந்து சட்டைவரை தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"நான்தான் சார்" என்று மேனேஜர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து காட்டினார்.