கையில் வரைந்த வட்டம்

"கையில எதுக்குப்பா கிறுக்கி வச்சிருக்க? கழுவிட்டுப் போ" என்று அன்று காலை அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை. உடலின் கலங்கள், அதாவது செல்கள், சீனியிலிருந்து சக்தி எடுக்கும் வட்டத்தை, உயர்தரப் பரீட்சைக்காக முழங்கை வரை பேனாவால் வரைந்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து பஸ்ஸில் அதைப் பார்த்து மனப்பாடம் செய்வது என் வழக்கம்.

அது யுத்த காலம். பலாங்கொடைக்கு முன்பு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் சட்டைக் கையை மடிக்கச் சொன்ன பொலிஸ்காரர், வட்டத்தையும் அம்புக்குறிகளையும் பார்த்தார். பஸ் போய்விட்டது. என்னை மட்டும் ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார வைத்தார்கள்.

"இது எந்த எடத்துப் படம்?" என்று அந்தப் பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் படித்தது தமிழில், அதுவும் மனப்பாடமாக. 'சீனி எரிந்து சக்தி வருகிறது' என்பதுதான் நுனிநாக்கில் நின்றது. அந்த அறையில் 'எரியும்' என்று எப்படிச் சொல்வது?

அவர் உள்ளங்கையில் சீனியை வைத்து, நக்கி நக்கிப் பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த சீனிதான் சேர் இது. ஒடம்பு அத ஒரேயடியா முடிக்காது. நீங்க நக்குற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா ஒடைக்கும். ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் சக்தி எடுத்துக்கும்."

சொல்லும்போதுதான் எனக்கே அது புரிந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"அழிச்சிட்டுப் போ, மல்லி" என்றார், சிங்களத்தில் தம்பியைக் கூப்பிடுவதுபோல.

இன்று அந்தப் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். பிள்ளைகள் "சீனி எரியுது சேர்" என்றால் திருத்துகிறேன். மணி அடித்ததும் ஒவ்வொருவர் கையையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புகிறேன்.